லட்சுமணசாமிக்கு வைத்த ஆக்ஸில்

அத்தியாயம் பதினான்கு

கூடப்பிறந்தவனின் விலை, உக்கடம் பழைய உதிரிபாகக் கடைகளின் நிலவரப்படி, நாற்பத்திரண்டாயிரம் ரூபாய். பேரம் பேசத் தெரிந்தவருக்கு முப்பத்தெட்டுக்கே முடியும். கழற்றிக் கொடுக்கும் கூலி தனி.

இந்த விலையை மெர்வின் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் தெரிந்துகொண்டான். காலையில் அவனுக்கு இருந்ததெல்லாம் ஒரே ஒரு குழப்பம். தன் ஜீப்பின் பின் ஆக்ஸிலைப் பலப்படுத்துவதா, மொத்தமாக மாற்றுவதா?

நெல்லிக்கரை ஏற்றத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மேட்டுப்பாளையத்துக்கு மேலே, பஸ் திரும்பிவிடும் இடத்துக்கும் அப்பால், ஜீப் மட்டுமே ஏறும் மண் தடம். மழை ஈரம். வண்டிக்குள் பதினோரு பேர், ரேஷன் அரிசி மூட்டைகள், ஒரு கேஸ் சிலிண்டர். வளைவில் 'டக்' என்று ஒரு சத்தம். பின் சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட் முறிந்தது. மெர்வின் பிரேக்கை மிதித்தும் நிற்காமல், சேற்றில் வழுக்கியபடி வண்டி பின்னோக்கிப் போனது. பின்னால் தொற்றிக்கொண்டிருந்த அன்புச்செல்வி குதித்து, ஒரு பாறாங்கல்லை உருட்டிச் சக்கரத்துக்கு அடை கொடுத்தாள். வண்டி நின்றது. கல்லுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அவளுடைய வலது கை இருந்தது.

கையில் கம்பி வைத்திருக்கிறார்கள். மிளகுக் கொடி பிடித்து ஏறும் கை அது. இனி ஏறுமா என்று டாக்டர் சொல்லவில்லை.

அவளுடைய புருஷன் காளிச்சாமி ஆஸ்பத்திரி வராந்தாவில் சத்தம் போடவில்லை, நஷ்டஈடு கேட்கவில்லை. "என்ன ஒடஞ்சுது, ஏன் ஒடஞ்சுதுன்னு மட்டும் நெசத்தைச் சொல்லிப்போடுங்க. நீங்க சொன்னாக் கேட்டுக்கறோம். மறுக்கா உங்க வண்டியில ஏறுவோமுங்க" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சொல்வதாக மெர்வின் வாக்குக் கொடுத்திருந்தான். அதற்குள் மலையில் வேறு பேச்சு ஏறிவிட்டது. டிரைவர் குடித்திருந்தானாம். பதினைந்து வருஷமாக நற்கருணைத் திராட்சை ரசத்தைத் தவிர வேறெதையும் நாக்கில் வைக்காதவனைப் பற்றி.

ஆக, அந்த ஞாயிறு. சிங்காநல்லூர் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட். முதல் பூசை முடிந்து வந்த வேட்டியோடு அப்பா சந்தியாகு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஜீப் பின்புறம் தூக்கி ஸ்டாண்டில் நின்றது. அதைச் சுற்றி மெர்வினும் அவன் தம்பி வின்ஸ்டனும்.

ஜீப்புக்கு மேலே மெர்வின், கீழே வின்ஸ்டன். அது அந்த வீட்டு வேலைப் பங்கீடு. அண்ணன் ஓட்டுவான், தம்பி, அப்பாவின் பழைய கியர் பட்டறையை நடத்துபவன், கீழே படுத்துப் பார்ப்பான். ஆனால் வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்ததிலிருந்து தம்பி கீழே படுக்கவே இல்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று ஒரு வாரம் போய்விட்டது.

"யோசிக்கறதுக்கே ஒண்ணுமில்லீங்ணா" என்றான் வின்ஸ்டன். "முழுசாக் கழட்டி எறிஞ்சுபோட்டு முழுசா ஒண்ணு மாட்டிப்போடலாம். என்றகிட்டயே ஒண்ணு கெடக்குது. பெரிய வண்டியோடது. ரெண்டு பக்கமும் கொஞ்சூண்டு நறுக்கி அகலத்தைக் கொறச்சு வெல்டு வெச்சாப் போச்சு. யானை ஏறி உக்காந்தாலும் ஒண்ணும் ஆகாது."

"நறுக்கி ஒட்டுன ஆக்ஸிலை நம்பி ஆளுங்களை ஏத்தச் சொல்றியா?"

"என்ற வெல்டிங் மேல நம்பிக்கையில்லீங்களா?"

"வெல்டிங்கைச் சொல்லலடா. ஹவுசிங் நல்லாத்தானே இருக்குது? உள்ள அப்பா கையால செட் பண்ணது. ஷாஃப்டை மட்டும் தடிமனாப் போட்டு, லாக்கர் ஒண்ணு வெச்சுப்போட்டா?"

ஹவுசிங் என்பது ஆக்ஸிலின் வெளிக்கூடு. லாக்கர் என்பது, ஒரு சக்கரம் சேற்றில் சும்மா சுற்றும்போது மற்றதையும் சேர்த்து இழுக்க வைக்கும் சங்கதி. மலைத்தடத்துக்கு நல்லது. விலையும் மலைத்தடத்தைப் போலவே செங்குத்து.

"பழைய சட்டைக்குப் புதுக் காலர் வெச்சாப்ல ஆயிருமுங்ணா. இதைத் தொறக்கவே வேண்டாம். அப்படியே எறக்கிக் குடுங்க, நானே எடைக்குப் போட்டுக்கறேன். எனக்கு நீங்க ஒரு பைசா தர வேண்டாம்."

கடைவீதியில், விலை சொல்லாமல் சரக்கை நீட்டுகிறவனைக் கண்டால் வியாபாரிகள் முதலில் தங்கள் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். மெர்வின் கடைவீதியில் வளர்ந்தவன் அல்ல. அவனுக்குக் கண் கலங்கியது.

சமையலறை வாசலிலிருந்து மெர்வினின் மனைவி ரூத் எட்டிப் பார்த்தாள். கறி அரிந்த கையில் மஞ்சள்.

"தம்பி சொல்றதுதானுங்க சரி. அந்தப் பழசைத் தலையச் சுத்தி எறிங்க. பார்க்கவே பயமா இருக்குது."

"உனக்கு என்ன தெரியும் ஆக்ஸிலைப் பத்தி?"

"ஒண்ணும் தெரியாதுங்க. அதனாலதான் சொல்றேன்."

வின்ஸ்டன் சிரித்தான். மெர்வினும் சிரித்தான். சிரிக்காதவர் அப்பா ஒருவர்தான். 'ஆக்ஸில்' என்ற சொல் காதில் விழுந்தால் பூசைக்கு நடுவிலும் திரும்பிப் பார்க்கும் மனிதர், இவ்வளவு பேச்சுக்கும் வாயைத் திறக்கவில்லை. டம்ளரில் ஆறிப்போன காப்பியை ஊதிக்கொண்டிருந்தார்.

"எனக்கு நேரமாச்சுங்ணா. அடுத்த ஞாயிறு போட்டி. பசங்க மதுக்கரையில காத்துட்டிருக்காங்க." வின்ஸ்டன் கிளம்பினான். கைவிட்ட கல்குழிகளில் ஜீப் ஏற்றிப் பரிசு வாங்கும் விளையாட்டு அவனுடையது. இந்த வருஷம் டயர்க் கம்பெனிக்காரர்களே அவன் வண்டியில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். "தொறந்து கைய அழுக்காக்கிக்காதீங்க. பொழுதோட வந்து நானே எறக்கிப்போடறேன்."

அவன் போனதும் மெர்வின் உக்கடத்துக்குப் போன் போட்டான். உதிரிபாகக் கடை பாத்திமுத்து அக்கா ஞாயிறும் கடை திறப்பவர்.

"லாக்கர் இருக்குது தம்பி. பல்லு என்ன?"

"என்னங்க்கா?"

"கிரவுன்ல எத்தனை பல்லு, பினியன்ல எத்தனை பல்லுன்னு கேக்கறேன். பல்லைப் பார்த்துத்தான் லாக்கர் பொருந்தும். சந்தியாகு மகன், இது தெரியாதா? அவருட்டக் கேளுங்க, தூக்கத்துல சொல்லுவாரு."

"முழு ஆக்ஸிலே எடுத்தா எவ்வளவுங்க்கா ஆகும்?"

"நல்லா செட் பண்ணது நாப்பத்திரண்டு. உங்களுக்குன்னா முப்பத்தெட்டு. அப்பா கையால செட் பண்ணது எங்காச்சும் கெடச்சா சொல்லுங்க, நானே அம்பதுக்கு எடுத்துக்கறேன்."

மெர்வின் திரும்பினான். "ஏனுங்கப்பா, நம்ம வண்டிக்குப் பல்லு எத்தனைங்க?"

"எட்டுக்கு நாப்பத்தி மூணு." சொல்லிவிட்டுத்தான் சந்தியாகு நிமிர்ந்தார். "எதுக்குக் கண்ணு?"

"தொறந்து பார்த்துப்போடலாம்னு."

"தொறக்காத."

"ஏனுங்கப்பா?"

"ஞாயித்துக்கெழம."

பெரிய வெள்ளிக்கிழமையிலும் கியர்பாக்ஸ் இறக்கியவர் சொன்ன பதில் இது. மெர்வின் அதை வயசின் கணக்கில் எழுதிவிட்டு ஸ்பேனரை எடுத்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்து கிரீஸ் துடைத்து வளர்ந்தவன்தான், வேலை மறந்துபோகவில்லை. பின் மூடியின் போல்ட்டுகளைத் தளர்த்தினான். கறுத்த எண்ணெய் தட்டில் ஒழுகியது. உள்ளே, சின்னப் பினியனைக் கடித்தபடி, பெரிய பல்சக்கரமான கிரவுன். ஒரு பல்லில் சாக்பீஸ் கோடு போட்டு, கையால் சுற்றி எண்ணினான்.

முப்பத்தொன்பது.

எண்ணுவதில் பிசகு. மறுபடி எண்ணினான். மறுபடியும் முப்பத்தொன்பது.

அப்பாவுக்கு மறந்துவிட்டது என்று நினைத்தான். எழுந்துபோய் முன் ஆக்ஸிலின் மூடியையும் கழற்றினான். அங்கே நாற்பத்து மூன்று. அப்பாவுக்கு ஒன்றும் மறக்கவில்லை.

முன்னாலும் பின்னாலும் பல் கணக்கு வேறுபட்டால் என்ன ஆகும் என்பது அந்த வீட்டில் பிறந்த எவனுக்கும் தெரியும். சாதாரணமாக ஓடும்போது ஒன்றும் தெரியாது. பின் சக்கரம் மட்டும்தான் தள்ளுகிறது. நாலு சக்கரத்துக்கும் சேர்த்து கியர் போட்டால்தான் வம்பு. மாடிப்படியில் பீரோ தூக்கும் இரண்டு பேரில் ஒருவன் ஓட, ஒருவன் நடந்தால் எப்படியோ அப்படி. ஏதாவது ஒன்று பிய்ந்துகொண்டு போகும். அதனால் இந்த வண்டியில் நாலு சக்கர கியரைப் போடவே கூடாது.

'நாலு வீல் போடாதீங்ணா.'

மெர்வின் சாக்பீஸைக் கீழே வைத்தான்.

தவக்காலத்தில் அவன் கேரளாவுக்குத் தியானத்துக்குப் போய்வந்த வாரம், வின்ஸ்டன் சொன்ன வார்த்தை அது. 'கியர் பொட்டி உள்ள தேஞ்சிருக்குதுங்ணா. பார்ட்ஸ் வர்ற வரைக்கும் நாலு வீல் போடாதீங்க. மலையேறும்போதும் பின் வீல்லயே ஓட்டிப்போடுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.' வண்டியின் இழுவை குறைந்தாப்போல் இருக்கிறதே என்று கேட்டதற்கு, 'கிளட்ச் பழசு' என்றான். மெர்வின் அதை நெல்லிக்கரை முழுக்கச் சொல்லித் திரிந்தான். 'என்ற தம்பி பாருங்க, வண்டி எங்க தேஞ்சிருக்குதுன்னு கையை வெச்சே சொல்லிப்போடுவான்.'

நாலு சக்கரம் சுமக்க வேண்டிய ஏற்றத்தை, பதினோரு பேரோடு, பின் சக்கரம் மட்டும் சுமந்தது. அதுவும் வேறு எந்த வண்டியிலிருந்தோ வந்த மெலிந்த ஷாஃப்ட்டில். ஒடியாமல் என்ன செய்யும்?

தெரியாமல் செய்த தப்பென்றால் எச்சரிக்கை இருக்காது. எச்சரித்திருக்கிறான். எல்லாம் தெரிந்துதான் எச்சரித்திருக்கிறான்.

சாப்பிடக் கூப்பிட வந்த ரூத், இரண்டு ஆக்ஸில்களும் திறந்து கிடப்பதைப் பார்த்து நின்றாள்.

"முன்னாடி ஒண்ணு, பின்னாடி வேற ஒண்ணு" என்றான் மெர்வின். "இது நம்ம ஆக்ஸிலே இல்ல ரூத்."

"எண்ணிக்கை தப்பிருக்குமுங்க. சாப்புட்டுப் போட்டு மறுக்கா எண்ணுங்க. வெறும் வயித்துல எண்ணுனா..."

"பைக் சாவி எங்க?"

"இந்த வெயில்ல மதுக்கரைக்கெல்லாம் போக வேண்டாமுங்க. கோவத்துல ஓட்டாதீங்க."

மதுக்கரை என்று மெர்வின் சொல்லவே இல்லை. அதைக் கவனிக்கும் நிலையிலும் அவன் இல்லை. ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சந்தியாகு நாற்காலியில் இல்லை. காப்பி டம்ளர் மட்டும் இருந்தது.

கல்குழியில் டயர்க் கம்பெனிக் குடை நட்டு, நாலைந்து பேர் நிழலில் பிரியாணிப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வின்ஸ்டனின் வண்டி ஒரு பாறைமேல் பின்சக்கரத்தை ஏற்றி, போட்டோவுக்கு நிற்பதுபோல் நின்றது. மெர்வின் யாரையும் பார்க்காமல் நேராகப் போய் வண்டிக்கு அடியில் படுத்தான்.

"அண்ணா, பூசைச் சட்டை அழுக்காயிருமுங்க!" என்று ஓடி வந்த வின்ஸ்டன், அண்ணன் எதைப் பார்க்கிறான் என்று தெரிந்ததும் நின்றான்.

புது பெயின்ட் அடித்திருந்தது. பெயின்ட் தடவினால் தையல் மறையுமா? ஹவுசிங்கின் அடியில் தடுப்புக் கம்பி வைத்து ஓட்டிய வெல்டிங். மற்றவர்கள் நேர்கோடாக ஓட்டுவார்கள். சந்தியாகு மீன்முள் மாதிரி சாய்த்துச் சாய்த்து ஓட்டுவார். கோவையில் அப்படி ஓட்டும் கை ஒன்றுதான். அந்த வெல்டிங் நடந்த அன்று மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தவன் மெர்வின்.

வெளியே வந்து முழங்கையைத் தட்டினான்.

"எங்கடா வாங்குன?"

"அண்ணா, சாப்புட்டீங்களா? வாங்க, நெழல்ல..."

"எங்கடா வாங்குன?"

நிழலில் பொட்டலம் பிரித்த கைகள் நின்றன. வின்ஸ்டன் குரலைத் தாழ்த்தினான். "அந்தப் பக்கம் வாங்க. இவிங்க முன்னால வேண்டாம்."

"பதினோரு பேரை உருட்டி உட்டியே, அது யார் முன்னால?"

"நானுங்களா உருட்டுனேன்? நீங்க விக்கறேன்னுதானே சொன்னீங்க!" வின்ஸ்டனுக்கு இப்போது கோபமே வந்துவிட்டது. மாட்டிக்கொண்டவனுக்கு வரும் கோபம். அதற்கு எப்போதும் ஓசை அதிகம். "கிறிஸ்மஸ்ல என்ன சொன்னீங்க? 'மலைப்பாடு போதும், வண்டியை லட்சுமணசாமிக்குக் குடுத்துப்போட்டு மினிலாரி எடுக்கறேன்'னு சொன்னீங்களா இல்லியா? காரமடைத் தோப்புக்காரரு. தோப்புக்குள்ள தேங்கா ஏத்தறதுக்கு எந்த ஆக்ஸிலா இருந்தா என்னங்க? அவுருக்கு எதுக்கு நம்ம ஆக்ஸிலு?"

"அதனால?"

"அதனால மாத்தி வெச்சோம். அவுருக்கு ஒரு நட்டமும் இல்ல. நம்ம பொருள் நம்ம ஊட்லயே இருக்கட்டும்னு. நீங்க தியானத்துக்குப் போய் மனந்திரும்பி வந்து, 'மலைச்சனத்தை உட்டுப்போட்டு நான் எங்க போறது, வண்டிய விக்கல'ன்னு சோறு உண்றப்பச் சொன்னீங்க. நீங்க திருந்திட்டு வருவீங்கன்னு யாருங்க கண்டா?"

நியாயம்தான். முகம் தெரியாத ஒருவரை ஏமாற்ற வைத்த சரக்கு, வாங்குபவர் வராததால் வீட்டிலேயே தங்கிவிட்டது. வியாபாரத்தில் இது சகஜம். இங்கே தங்கிய சரக்கின் மேல் சொந்த அண்ணன் ஏறி உட்கார்ந்து மலைக்குப் போனான்.

"அப்பவே சொல்லியிருக்கலாமேடா. சோறு உண்றப்பவே. 'அண்ணா, தப்புப் பண்ணிப்போட்டோம், போவாதீங்க'ன்னு ஒத்த வார்த்தை."

"எப்படிங்க சொல்றது? சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வெள்ளையா வந்து உக்காந்திருக்கீங்க. உங்ககிட்டப் போயி, லட்சுமணசாமியை ஏமாத்தறதுக்குன்னு... அதுக்குள்ள இதை இங்க மாட்டிப்போட்டேன். ஸ்டிக்கர்காரங்களும் வந்துட்டாங்க. சீசன் முடியட்டும், திருப்பி மாட்டிப்போடலாம்னு இருந்தேன். நாலு வீல் போடாதீங்கன்னு சொன்னேன்லங்க? நெசமாவே உங்க நல்லதுக்குத்தான் சொன்னேன்."

அதுதான் தாங்கவில்லை. தம்பி அதை உண்மையிலேயே நம்பினான்.

"காளிச்சாமி நாலு மணிக்குப் போன் பண்ணுவான். இந்தா, இந்தக் கதையை நீ சொல்லு."

"நானுங்களா?" வின்ஸ்டன் ஓர் அடி பின்வாங்கினான். "என்னை மட்டும் புடிக்காதீங்ணா. நான் களவாண்டு போகல. அப்பாதான் கழட்டிக் குடுத்தாரு. அவுரு யோசனைதான். போய்க் கேளுங்க."

"அப்பா கையி ஸ்பேனர் புடிக்காதேடா, நடுங்குதே."

"போய்க் கேளுங்க" என்றான் வின்ஸ்டன். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்.

சிங்காநல்லூர் வரும் வரைக்கும் மெர்வினுக்கு எந்த சிக்னலில் நின்றோம் என்றே தெரியவில்லை.

அப்பா முன்னறையில், மாதா படத்துக்குக் கீழே இருந்தார். ரூத் கதவோரம் நின்றாள். சாப்பாடு மூடியே இருந்தது, யாரும் உண்ணவில்லை.

"அவன் போன் பண்ணிப்போட்டானுங்களா?"

"பண்ணான்" என்றார் சந்தியாகு. "உக்காரு கண்ணு."

"நிக்கறேன்."

"லட்சுமணசாமி அடாவடியாப் பேரம் பேசுனான்டா. நீயும் தலையாட்டிட்டு வந்துட்ட. வண்டியோட சேர்த்து என்ற ஆக்ஸிலையும் தூக்கிட்டுப் போறானேன்னு வயிறு எரிஞ்சுது. அதை நான் எத்தன நாள் உக்காந்து செட் பண்ணேன்னு உனக்குத் தெரியும். தென்னந்தோப்புல உளுந்து துருப்புடிக்கவா? சின்னவன் கேட்டான், எடுத்துக்கன்னு சொன்னேன். அவ்வளவுதான்."

"வித்தா வித்ததோட போயிருக்கும். விக்கலீங்களே! நாலு மாசமா நான் அதுமேல ஏறி உக்காந்து போறதைப் பார்த்துட்டுத்தானே இருந்தீங்க? தெனமும் காலைல சிலுவை போட்டு அனுப்புனீங்களே அப்பா?"

சிலுவை போடும் அந்த வலது கையைச் சந்தியாகு இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"பின் வீல்ல மட்டும் போனா தாங்கும்னு கணக்குப் போட்டேன்" என்றார். "நீ அஞ்சாறு பேரு ஏத்துவேன்னு நெனச்சேன்."

"ரேஷன் நாள்ல யாரை உட்டுப்போட்டுப் போறதுங்க?"

பிறகு, பேரம் படியாதபோது விலையை இறக்கும் வியாபாரி மாதிரி, அப்பா மெதுவாகச் சொன்னார். "காளிச்சாமிகிட்ட, இரும்பு ஒடஞ்சு போச்சுன்னு சொல்லு. பழைய இரும்பு. அது பொய்யில்லியே. நாளைக்கே சின்னவன்கிட்ட இருந்து நம்ம ஆக்ஸிலை வாங்கி மாட்டிப்போடறேன். லாக்கரும் போட்டுக்கலாம். வண்டி நிக்கும்டா. எந்த மலையிலயும் நிக்கும்."

"ஆமாங்க" என்றாள் ரூத். "அப்படியே சொல்லிப்போடுங்க. ஊட்டு மானம் ஊட்டோட போகட்டும்."

"அந்த ஆக்ஸில் திரும்பி வந்தா, அதுமேல உக்காந்து மலையேற எனக்கு இனி மனசு வருமாப்பா? புதுசு போட்டாலும், உள்ள எத்தன பல்லுன்னு நான் தெனமும் தொறந்து பார்த்துட்டு உக்காரட்டுமா?"

அவன் சட்டென்று பேச்சை நிறுத்தினான். அப்பாவின் நடுங்கும் கையைப் பார்த்தான்.

"கழட்டும்போது வின்ஸ்டன் கீழ இருந்திருப்பான். நீங்க பக்கத்துல நின்னு சொல்லியிருப்பீங்க. லைட்டு புடிச்சது யாருங்க? ஆக்ஸிலு மூணாவது ஆளு இல்லாம எறங்காதே?"

சந்தியாகு மருமகளைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவர் பட்ட பாடுதான் காட்டிக்கொடுத்தது.

தியானத்துக்குப் போகச் சொன்னதே அவள்தான். 'போய்ட்டு வாங்க, மனசு லேசாகும். மூணு நாள்தானுங்களே' என்று பை கட்டி, சப்பாத்தி மடித்துக் கொடுத்து, ரயில் ஏற்றிவிட்டவள்.

"ரூத்?"

"டீ மட்டும்தானுங்க போட்டுக் குடுத்தேன்" என்றாள்.

பிறகு, "லைட்டு கொஞ்ச நேரம்தானுங்க புடிச்சேன். லட்சுமணசாமிக்குப் போற வண்டின்னு சொன்னாங்க. நீங்க விக்கலைன்னதும் நான் தம்பிகிட்டக் கேட்டனுங்க. 'அதுவும் நல்ல ஆக்ஸிலுதான் அண்ணி, ஒண்ணும் ஆகாது'ன்னு சொன்னாரு. எனக்கு என்னங்க தெரியும்? அண்ணந்தம்பிக்குள்ள நான் எதுக்குச் சண்டை மூட்டணும்னு..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காலையில் பயமாக இருக்கிறது, கழற்றி எறியுங்கள் என்று அவள் சொன்னது நடிப்பில்லை. ஒரு வாரமாக உண்மையிலேயே பயந்துகொண்டுதான் இருந்தாள். பயந்துகொண்டே கறி அரிந்தாள்.

போன் அடித்தது. காளிச்சாமி. சொன்ன நேரத்துக்குச் சொன்னபடி.

மெர்வின் போனை மேஜைமேல் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி திருப்பினான்.

"சொல்லு காளி. அன்புச்செல்வி எப்படி இருக்குது?"

"வலிக்குதுங்கறாளுங்க. எடது கையில உண்றா. கண்டுபுடிச்சுட்டீங்களா?"

சந்தியாகு எழுந்து நின்றுவிட்டார். ரூத் வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மெர்வின் இருவரையும் ஒருமுறை பார்த்தான்.

"அது என்ற ஆக்ஸிலே இல்ல காளி. நான் ஊர்ல இல்லாதப்பக் கழட்டிட்டு, சன்னமா வேற ஒண்ணை வெச்சிருக்காங்க. அதுதான் ஒடஞ்சுது."

"யாருங்க?"

"எங்க ஊட்லயேதான். என்ற தம்பி. என்ற அப்பன்." ரூத் பக்கம் திரும்பினான். "என்ற ஊட்டுக்காரிக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது."

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் யாரோ தட்டு போடும் ஓசை கேட்டது.

"ஏனுங்க" என்றான் காளிச்சாமி. மரியாதை குறையவில்லை, அதுதான் சுட்டது. "ஒரே ஊட்ல இருக்கீங்க. ஒரே அடுப்புல உண்றீங்க. தம்பிக்குத் தெரியும், அப்பனுக்குத் தெரியும், அம்மணிக்கும் தெரியும். வண்டி ஓட்டற உங்களுக்கு மட்டும் தெரியாதுங்களா?"

"சத்தியமாத் தெரியாது காளி."

"சரிங்க."

"நம்பறியா?"

"நம்பறதுக்கு நான் ஒருத்தன் பத்தாதுங்களே. இவளும் நம்பணும், ஊரும் நம்பணும். நாளைக்கு நானே அங்க வாரனுங்க. நேர்ல பார்த்துப் பேசிக்கலாம். தனியா வரமாட்டனுங்க."

போன் அடங்கியது. அறையில் மூன்று பேர், மூன்று திசையைப் பார்த்தபடி நின்றார்கள்.

அன்றைய கணக்கு இப்படி முடிந்தது. தெரிந்தவர்கள், மூன்று பேர். தெரியாதவர், ஒருவர். அந்த ஒருவருக்குத் தெரியாது என்று நம்புகிறவர்கள், வீட்டுக்கு வெளியே, இந்த நிமிஷம் வரை, யாருமில்லை.